18,446,744,073,709,551,615: அரிசிக் கதையிலும் கணினிப் பிழையிலும் வரும் ஒரே எண்

இந்த இருபது இலக்க எண் நம்மூர் ஆட்களிடம் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, புலனத்தில் அடிக்கடி சுற்றும் சதுரங்கக் கதை: முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு நான்கு என்று சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கும் கேட்டு ஒருவர் அரசனைத் திணறடித்தார் என்பது. மொத்த அரிசி இந்த எண்தான். இன்னொன்று, கோலாலம்பூர் அலுவலகங்களில் சர்வர் பார்த்துக்கொள்பவர்களும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சோதனைப் பதிவுகளைப் படிப்பவர்களும் திரையில் திடீரென்று காண்பது: ‘மீதமுள்ள இடம் 18446744073709551615 பைட்’ என்று. அவ்வளவு இடம் உள்ள வன்தட்டு உலகத்தில் இல்லை.

இதற்கு மேல் ஒரு புதுக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபரில், அதுவரை தெரிந்ததிலேயே மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 2-ஐ 136,279,841 தடவை பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது அது, மொத்தம் 41,024,320 இலக்கங்கள். நம்முடைய சதுரங்க எண்ணும் 2-ஐ 64 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்ததுதான். அப்படியானால் இதுவும் பகா எண்தானா? இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் இந்த எண்ணைப் பற்றிய முக்கால்வாசி விஷயம் பிடிபட்டுவிடும்.

முதலில் வாசித்துவிடுவோம்

மலேசியாவில் நாம் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மில்லியன், பில்லியன் என்று போகிறோம். இந்த எண்ணுக்கு அந்தப் பெயர்கள் அவ்வளவாகப் பழக்கமில்லை. கோடிக்கணக்கில் சொன்னால் கொஞ்சம் பிடி கிடைக்கும்: ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடி. கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடி 1,84,000-க்கு மேல் அடுக்க வேண்டும்.

இதை 2⁶⁴ − 1 என்று எழுதலாம். 2⁶⁴ என்றால் அறுபத்து நான்கு 2-களை ஒன்றோடொன்று பெருக்குவது, மேலே இருக்கும் சின்ன எண்ணுக்கு அடுக்கு என்று பெயர்.

கழித்தல் ஒன்று எங்கிருந்து வந்தது?

கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். 1 + 2 = 3, அடுத்த கட்டத்தில் 4. 1 + 2 + 4 = 7, அடுத்த கட்டத்தில் 8. இதுவரை கூட்டிய மொத்தம் எப்போதும் அடுத்த கட்டத்துக்கு ஒன்று குறைவாகவே நிற்கும். 64 கட்டம் முடிந்ததும் 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் 2⁶⁴ அரிசி இருக்கும், நம் மொத்தம் அதில் ஒன்று குறைவு.

ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், முதல் இருபது கட்டங்களுக்கு 1,048,575 அரிசி, அதாவது சுமார் 26 கிலோ. லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் 10 கிலோ மூட்டை மூன்று வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும்கூட. நாற்பது கட்டத்தில் அது 27,000 டன்னைத் தாண்டிவிடும். அறுபத்து நான்கில் சுமார் 461 பில்லியன் டன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 500 மில்லியன் டன்னுக்குக் கொஞ்சம் அதிகமாக அரிசி விளைகிறது என்றால், ஏறத்தாழ 900 ஆண்டு விளைச்சல். கேரளத்து அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதையைத்தான் சொல்வார்கள். அரபு மொழியில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்லிகான் என்ற வரலாற்றாசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

பகா எண்ணா என்ற கேள்வி

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11 இப்படி. நம் எண்ணின் கடைசி இலக்கம் 5, ஆகவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களை எல்லாம் கூட்டினால் 87, அது 3-ஆல் வகுபடுவதால் முழு எண்ணும் 3-ஆல் வகுபடும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையே சொல்லிவிடலாம், இது பகா எண் இல்லை என்று.

ஆனால் இந்த விடை எனக்குப் போதாது. கடைசி இலக்கம் தற்செயலாக 5 ஆகிவிடவில்லை. 2-ஐப் பெருக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ கட்டாயம் 6-இல் முடிந்தாக வேண்டும், ஒன்றைக் கழித்தால் 5. அடுக்கில் இருக்கும் 64-தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இதைப் பத்தடிமான எண்களில் பார்த்தால் சட்டென்று புரியும்:

1. 99 என்பது இரண்டு ஒன்பதுகள், 9999 என்பது நான்கு. நான்கை இரண்டால் வகுக்கலாம், 9999-ஐயும் 99-ஆல் வகுக்கலாம்: 99 × 101 = 9999.
2. 999-ஆல் 9999-ஐ மீதியின்றி வகுக்க முடியாது, ஏனென்றால் நான்கு மூன்றால் வகுபடாது.
3. கணினி பயன்படுத்தும் இரும முறையில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் முறையில், நம் எண் வரிசையாக அறுபத்து நான்கு 1-கள். ஆகவே 2, 4, 8, 16, 32 என்று 64-ஐ வகுக்கும் நீளத்தில் உள்ள 1-களின் வரிசை ஒவ்வொன்றும் அதை வகுக்கும். அந்த வரிசைகளைச் சாதாரணமாக எழுதினால் 3, 15, 255, 65535, 4294967295.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்றால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். செய்தியில் வந்த 136,279,841 ஒரு பகா எண். நம் 64 இல்லை, அங்கேயே கதை முடிந்தது. தலைகீழாகப் பார்த்தால் விதி வேலை செய்யாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண் என்பது நுழைவுச் சீட்டுதான், உள்ளே போனபிறகு தனியாகச் சோதனை உண்டு.

எண்ணை உடைப்போம்

படிவம் இரண்டு, மூன்றில் படித்த ஒரு சமன்பாடு போதும்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது அந்த எண்களின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கினால் வருவது. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். அப்புறம் என்ன, பாதி பாதியாக வெட்ட வேண்டியதுதான்.

1. 2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1)
2. 2³² − 1 = (2¹⁶ − 1) × (2¹⁶ + 1) = 65535 × 65537
3. 65535 = 255 × 257
4. 255 = 15 × 17, 15 = 3 × 5

எல்லாம் சேர்த்தால்: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

கால்குலேட்டர் இல்லாமல், ஒரு தாளில், ஐந்து நிமிடத்தில் ஓர் இருபது இலக்க எண்ணை இவ்வளவு தூரம் உடைத்துவிட்டோம். ஆறு துண்டுகளும் 2-இன் ஓர் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியவை, அடுக்குகளைப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32. பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640 வாக்கில் நம்பினார். முதல் ஐந்தும் நிஜமாகவே பகா எண்கள்தான். ஆறாவது, பத்து இலக்கம் கொண்ட 4294967297, கையால் சோதிக்கச் சிரமமானது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே நின்றது. 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் 4294967297 = 641 × 6700417 என்று காட்டிவிட்டார்.

641 எப்படிக் கிடைத்தது?

கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தால் 641-க்கு வந்து சேர நூற்றுக்கு மேல் பகா எண்களைத் தாண்ட வேண்டும். 4294967297-ஐ வகுக்கும் பகா எண் எதுவாக இருந்தாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்று நிறுவியதுதான் ஆய்லரின் கெட்டிக்காரத்தனம். அந்தச் சல்லடையில் விழும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே ஆள் மாட்டிக்கொண்டது.

641 நிஜமாகவே வகுக்கிறதா என்று பெருக்கிப் பார்க்காமலே நிறுவ ஒரு வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்குகளில் மிக அழகானவற்றில் ஒன்று, நிதானமாகப் பின்தொடருங்கள்:

1. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். 641 = 640 + 1, இதில் 640 = 5 × 2⁷. இன்னொரு விதம், 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴.
2. 640⁴ − 1 என்ற எண்ணை எடுங்கள். வர்க்க வித்தியாசச் சமன்பாட்டை இரண்டு தடவை போட்டால் அது 639 × 641 × (640² + 1). ஆகவே 641-ஆல் வகுபடும்.
3. 640⁴ = 5⁴ × 2²⁸ = 625 × 2²⁸. இதில் 625-க்குப் பதிலாக 641 − 16 என்று போடுங்கள். 641 × 2²⁸ − 2³² ஆகிவிடும், ஏனென்றால் 16 என்பது 2⁴.
4. ஆக 640⁴ − 1 = 641 × 2²⁸ − (2³² + 1). இடப்பக்கம் 641-ஆல் வகுபடும், வலப்பக்கத்தின் முதல் துண்டும் வகுபடும், எனவே மிச்சமிருக்கும் 2³² + 1-உம் வகுபட்டே ஆக வேண்டும்.

நான்கு வரி, ஒரு பெரிய பெருக்கல்கூட இல்லை. எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடுவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

இப்போது நம் எண்ணின் முழு வடிவம்: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. வகுக்கும் எண் ஒன்றை உருவாக்க இந்த ஏழில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே மொத்தம் 2⁷ = 128 எண்கள் இதை வகுக்கும்.

இந்த ஏழில் 3, 5, 17, 257, 65537 ஐந்துக்கும் வடிவியலில் ஒரு தனி மரியாதை உண்டு. கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டும் வைத்துக்கொண்டு 17 பக்கம் கொண்ட ஒழுங்கான பலகோணம் வரையலாம் என்று ஜெர்மானியக் கணிதர் காவுஸ் 1796-இல், 19 வயது நிரம்புவதற்குச் சற்று முன்பு, கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு அப்படி வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த பலகோணங்கள் 31-தான், எல்லாம் இந்த ஐந்தைப் பெருக்கிக் கிடைப்பவை. அவற்றில் மிகப் பெரியதற்கு 4,294,967,295 பக்கங்கள், நம் எண்ணின் முதல் பாதித் துண்டு அதுதான்.

அக்கம்பக்கத்து எண்கள் இவ்வளவு இளகியவை அல்ல

நம் எண்ணோடு இரண்டைக் கூட்டுங்கள், 2⁶⁴ + 1 வரும். இதுவும் இருபது இலக்கம், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் இங்கே வர்க்க வித்தியாசம் உதவாது. ஆய்லர் 641-ஐப் பிடித்து 148 ஆண்டுகள் கழித்து, 1880-இல்தான், லாந்திரி என்ற முதியவர் இதை உடைத்து வெளியிட்டார்: 274177 × 67280421310721. அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல்.

2⁶¹ − 1 உடையவே உடையாது, அது பகா எண். 1883-இல் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் நிறுவினார். 2⁶⁷ − 1 பகா எண் என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் தந்த பட்டியலில் இருந்தது. 1903-இல் கோல் என்ற அமெரிக்கர் அது 193707721 × 761838257287 என்று காட்டினார்.

ஆக, ஓர் எண்ணை உடைப்பது சுலபமா கஷ்டமா என்பதை அதன் நீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை, எப்படி உண்டாக்கப்பட்டது என்பதுதான் பெரும்பங்கு. இணைய வங்கிச் சேவைகளைப் பாதுகாக்கும் முறைகளில் ஒன்றான ஆர்எஸ்ஏ, 1977-இல் வந்தது, இதன் மேல்தான் நிற்கிறது. அதில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்கல் பலனை மட்டும் வெளியே விடுவார்கள். இப்போது வழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவியில் அந்தப் பெருக்கல் பலன் இரும முறையில் 2048 இலக்கம், சாதாரணமாக எழுதினால் 617 இலக்கம். அந்த இரண்டு பகா எண்களும் எந்த ஒழுங்கும் இல்லாமல், குருட்டாம்போக்கில் எடுத்தவையாக இருக்க வேண்டும். 2-இன் அடுக்கோடு ஒட்டி ஒழுங்கான வடிவத்தில் சாவியைச் செய்தால், நாம் மேலே செய்த மாதிரி வடிவத்தை வைத்தே உடைக்க வழி கிடைத்துவிடும்.

முக்கோண எண்ணா? ராமானுஜனைக் கேட்கலாம்

1, 1 + 2 = 3, 1 + 2 + 3 = 6, அப்புறம் 10, 15, 21. இவை முக்கோண எண்கள். ஒன்றைக் கழித்த 2-இன் அடுக்குகளிலும் சில முக்கோண எண்கள் உண்டு: 1, 3, 15. கொஞ்சம் தள்ளி 4095, அது 1 முதல் 90 வரை கூட்டினால் வருவது. நம் எண்ணும் அப்படி ஒன்றா?

முக்கோண எண் எதையும் 8-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வரும், நம் எண்ணில் அப்படிச் செய்தால் 2⁶⁷ − 7. ஆகவே இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும் என்ற கேள்வியாகிவிடும். இதை 1913-இல் எழுப்பியவர் ராமானுஜன். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது வரும் (8 − 7 = 1, 16 − 7 = 9, 32 − 7 = 25, 128 − 7 = 121, 32768 − 7 = 181²), வேறு எதற்கும் வராது என்பது அவர் கணிப்பு. 1948-இல் நார்வேக்காரர் நாகல் அதை நிறுவினார். நம் எண் முக்கோண எண்ணாக இருக்க 67-உம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லை. 4095-க்குப் பிறகு இந்த வரிசையில் முக்கோண எண்ணே கிடையாது, எவ்வளவு தூரம் தேடினாலும்.

திரையில் ஏன் வருகிறது?

இன்டெல் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்த காலத்தில் அதன் சில்லுகள் நான்கு பிட், எட்டு பிட் அளவில்தான் எண்களைக் கையாண்டன. இன்றைய கணினியும் கைப்பேசியும் 64 பிட். அதாவது ஓர் எண்ணை எழுத 64 இடங்கள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. எல்லா இடத்திலும் 1 நிரம்பினால் நம் எண், அதற்கு மேல் போக இடமில்லை. இன்னும் ஒன்றைக் கூட்டினால் எல்லாம் 0 ஆகி, மிச்சம் வரும் 1 வைக்க இடமில்லாமல் தொலைந்துபோகும்.

அதனால்தான் கணினி −1-ஐயும் இதே அறுபத்து நான்கு 1-களால் குறிக்கிறது: ஒன்றைக் கூட்டினால் 0 வர வேண்டும், வருகிறது. சிக்கல் எங்கே என்றால், நிரலின் ஒரு பகுதி ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று சொல்ல −1 எழுதி வைக்கும், அல்லது 0-இலிருந்து 1-ஐக் கழித்துவிடும். இன்னொரு பகுதி குறை எண்களே இல்லை என்ற நினைப்பில் அதை வாசித்து 18446744073709551615 என்று காட்டும். ஆகவே பதிவில் இந்த எண்ணைக் கண்டால் வன்தட்டைக் கழற்ற வேண்டாம், முதலில் −1 எங்கே உருவானது என்று தேடுங்கள்.

32 பிட்டில் இதே பிரச்சினைக்கு எல்லை சிறியது. குறை எண்களுக்கும் இடம் விட்டால் 2,147,483,647 வரைதான் போக முடியும். 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ காணொளியின் பார்வைகள் அதைத் தாண்டும் நிலை வந்ததால் யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு அந்த எல்லை, மலேசிய நேரப்படி, 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலை 11:14:07-க்கு வரும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. நம் எண்ணை விநாடியாக எடுத்தால் சுமார் 584 பில்லியன் ஆண்டு.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு

எக்செலில் 18446744073709551615 என்று தட்டிப் பாருங்கள். முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும்: 18446744073709500000. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய இணையப் பக்கங்களில் சாதாரணமாகப் போட்டால் 18446744073709552000 என்று வரும். இரண்டுமே எண்ணைச் சுருக்கமான ஒரு வடிவத்தில் வைத்துக்கொள்வதால் கடைசி இலக்கங்களைக் காப்பாற்ற முடிவதில்லை. இருபது இலக்கம் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள், கடன் அட்டை எண் 16 இலக்கம். அதை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், சேமித்து மூடிய பிறகு பழைய இலக்கத்தை மீட்கவே முடியாது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் நீளமான எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று மாற்றிவிட வேண்டும். உள்ளிட்ட பிறகு மாற்றிப் பயனில்லை.